மூட்டத்தில் வைத்த கை

மல்லையன் பேசுவதைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலே அவனுக்கு எதிரில் நிற்பது யார் என்று சொல்லிவிடலாம் என்பாள் கூட வேலை செய்யும் ராமக்கா. சொல்லியும் காட்டுவாள். விறகு அடுக்கிக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து அவன் குரல் கேட்கும். திரும்பாமலே, "பாரஸ்ட் கார்டு வந்துட்டான்டி" என்பாள். குரல் மெலிந்து, சொல்லுக்குச் சொல் 'ங்க' ஒட்டிக்கொண்டு வந்தால் கார்டு. சிரிப்போடு தெலுங்கு வந்தால் விறகு வண்டிக்காரர்கள். கன்னடம் வந்தால் கண்ட்ராக்டர் கிருஷ்ணப்பன். ஒன்றும் வராமல் வெறும் 'ம்' மட்டும் வந்தால் அவன் பெண்டாட்டி கருப்பி.

வத்தல்மலை அடிவாரத்தில் கரிமூட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்றாம் வருஷம், மாசி மாதம். யுத்தத்தால் பெட்ரோலுக்குப் பஞ்சம். தருமபுரியிலிருந்து காரிமங்கலம் வழியாகக் கிருஷ்ணகிரி போகிற பஸ்ஸுக்கெல்லாம் பின்புறம் பீப்பாய் மாதிரி ஓர் அடுப்பைக் கட்டி, கரி போட்டு ஓட்டினார்கள். மேடு வந்தால் பஸ் நிற்கும். ஆட்கள் இறங்கித் தள்ளுவார்கள். ஆனாலும் கரி கேட்டுக் கேட்டு வாங்கினார்கள். கிருஷ்ணப்பன் காட்டில் ஒரு பகுதியை ஏலம் எடுத்து, மலையிலிருந்து எட்டுப் பேரை இறக்கி வைத்திருந்தான். மலையில் இரண்டு வருஷமாகச் சாமை விளையவில்லை. கூப்பிட்டதும் வந்துவிட்டார்கள்.

மூட்டம் போடுவது பெரிய வித்தை இல்லை, ஆனால் பொறுமை வேண்டும். துரிஞ்சி, வெள்வேல் மரங்களை வெட்டி, ஆள் உயரத்துக்குத் துண்டாக்கி, நடுவில் புகை போக ஓர் ஓட்டை விட்டுச் சுற்றிச் சுற்றி நிறுத்துவார்கள். மேலே தழை, அதற்குமேல் ஈரமண். உச்சியில் தீ வைத்தால் அடியில் விட்ட துளைகளின் வழியே காற்றுக் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்கும். முதலில் வெள்ளைப் புகை. அது தண்ணீர். பிறகு மஞ்சளாகக் கண்ணைக் கரிக்கும் புகை. எட்டு நாள், பத்து நாள் கழித்து நீலமாக மெலியும். நீலம் கண்டதும் எல்லாத் துளைகளையும் அடைத்துவிட வேண்டும். அதற்கப்புறம் நாலு நாள் ஆற வேண்டும். ஆறாமல் பிரித்தால் உள்ளே இருக்கிற கரி காற்றுப் பட்டதும் பற்றிக்கொள்ளும். ஒரு மாத வேலை ஒரு மணி நேரத்தில் சாம்பல்.

ஆறிவிட்டதா என்று பார்க்க ஒரே வழிதான் வைத்திருந்தார்கள். மேஸ்திரி தன் இடது கையை மூட்டத்தின் தலைப்பக்கத்து மண்ணில் அழுத்தி வைக்க வேண்டும். ஒரு வாய் வெற்றிலையை மென்று துப்புகிற வரை கையை எடுக்கக் கூடாது. வலது கை சோற்றுக்கும் கொடுவாளுக்கும் வேண்டும், அதனால் இடது. சுடவில்லை என்றால் "ஆறிடுச்சு" என்பான். பிரிப்பார்கள். கை வைத்தவன் சொன்னால் சொன்னதுதான். மற்றவன் போய் மறுபடி தொட்டுப் பார்ப்பது வழக்கமில்லை. தொட்டால் அது கை வைத்தவனைப் பொய்யன் என்று சொல்வது.

பழைய மேஸ்திரி ஆண்டி குளிர்காய்ச்சல் வந்து மலைக்குத் திரும்பிப் போய் ஒரு மாதம் ஆகிறது. அந்த இடம் காலியாக இருந்தது. மேஸ்திரி ஆகிறவனுக்குப் பாப்பாரப்பட்டியில் கரிக் கிடங்குக்குப் பின்னால் ஓர் அறை உண்டு. தகரக் கூரை, ஆனால் நாலு பக்கமும் சுவர். மழைக்காலத்தில் அங்கே இருந்துகொள்ளலாம். இந்த மூட்டம் முடியட்டும், ஆள் சொல்கிறேன் என்று கிருஷ்ணப்பன் சொல்லியிருந்தான்.

போட்டிக்கு இரண்டே பேர். மல்லையன் ஒருவன். கருப்பியின் அண்ணன் தீர்த்தன் இன்னொருவன்.

தீர்த்தனுக்கு ஒரே குரல்தான். மாட்டை விரட்டுவதும் அதில்தான், ரேஞ்சருக்குப் பதில் சொல்வதும் அதில்தான். தை மாதம் ரேஞ்சர் வந்து, ஏலத்தில் சேராத மரம் ஏதாவது வெட்டினீர்களா என்று பொதுவாகக் கேட்டார். "வேங்கை ரெண்டு வெட்டுனோம். கண்ட்ராக்டருதான் வெட்டச் சொன்னாரு" என்றான் தீர்த்தன். பக்கத்திலேயே கிருஷ்ணப்பன் நின்றிருந்தான். மல்லையன்தான் குறுக்கே புகுந்து, துண்டை இடுப்புக்கு இறக்கி, "அவனுக்கு மரம் பேரு தெரியாதுங்க, மலைக்காரனுங்க" என்று சிரித்தான். அவனும் அதே மலைக்காரன்தான். ரேஞ்சரும் சிரித்துவிட்டார். அன்றிலிருந்து கிருஷ்ணப்பன் வரும்போதெல்லாம் மல்லையனைத்தான் முதலில் கூப்பிட்டான்.

மூட்டத்தை அடைத்து இரண்டாம் நாள். பொழுது சாய்கிற நேரம். கருப்பி ராகிக் களி கிண்டி, கொள்ளுச் சாறு வைத்திருந்தாள். அவளுக்கு ஐந்து மாதம். குனிந்து கிண்டுவதற்குள் மூச்சு வாங்கியது. தீர்த்தனும் மல்லையனும் கல்லின் மேல் உட்கார்ந்திருந்தார்கள். கரி படிந்து இருவர் முகத்திலும் கண்ணும் பல்லும்தான் தெரிந்தன.

மல்லையன் ஒரு வாய் எடுத்து முகத்தைச் சுளித்தான்.

"உப்பு எங்கடி?"

"போட்டனே."

"எங்க போட்ட, ஓடையிலயா? மாடுகூடக் குடிக்காது இத."

கருப்பி உப்புக் கல்லை நுணுக்கிப் போட்டாள். அவளுக்கு அந்தச் சுளிப்பில் வருத்தமில்லை. பகல் முழுவதும் அவன் யார் யாரிடமோ பல்லைக் காட்டுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இந்தச் சுளித்த முகம் அவளைத் தவிர வேறு யாருக்கும் கிடைப்பதில்லை.

"ஏன் மாப்ளே, மத்தியானம் அந்த வண்டிக்காரன் சமைச்சதத் தின்னியே, அது எப்பிடி இருந்துச்சு?" என்றான் தீர்த்தன்.

"நாத்தம். புளிச்சுப் போன சோறு."

"அவங்கிட்ட அமுர்தம்னு சொன்னியே. எங்காதால கேட்டன்."

"அவன் நாளைக்கு நம்ம வெறவ ஏத்த வாணாமா?"

"நாத்தம்னு சொன்னா ஏத்த மாட்டானா?"

"ஏத்துவான் மச்சான். ரெண்டு நாள் கழிச்சு ஏத்துவான்."

அந்தப் பக்கம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ராமக்கா சிரித்தாள். "ரெண்டு பேரையும் ஒண்ணா அரைச்சு உருட்டுனா ஒரு முழு ஆளு வருவான். தனித்தனியா ரெண்டும் பாதிதான்."

"நீ சும்மா இரு அக்கா" என்றாள் கருப்பி. பிறகு தீர்த்தனைப் பார்த்து, "அண்ணா, உனக்கு அந்த மேஸ்திரி வேலை வேணுமா?" என்றாள்.

"எனக்கு எதுக்கு? குடுத்தா செய்வன். குடுக்கலன்னா வெறகு வெட்டுவன்."

"அந்த ரூமு எனக்கு வேணும். ரெண்டு புள்ளயப் பெத்து மலையிலயே பொதைச்சுட்டு வந்திருக்கிறன். இத அங்க பெக்க மாட்டன். பாப்பாரப்பட்டியில மருத்துவச்சி இருக்குறா. கூப்புட்டா ஒரு நாழியில வருவா. மழ காலத்துல மலை எறங்கி எவ வருவா?"

"அதுக்கு நான் என்னா பண்ணோணும்?"

"மொதலாளி வந்தா நீ வாயத் தொறக்காத. அதுதான்."

தீர்த்தன் களியை உருட்டிச் சாற்றில் தோய்த்தான். "கேக்கலன்னா தொறக்க மாட்டன். கேட்டா இருக்கிறதச் சொல்லுவன்."

மல்லையன் "ம்" என்றான். அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

மறுநாள் உச்சிப்பொழுதில் கிருஷ்ணப்பன் லாரியோடு வந்து இறங்கினான். அவன் வர வேண்டிய நாள் அது இல்லை. இன்னும் இரண்டு நாள் இருந்தது. டிரைவர் சவுரியப்பன் லாரியைத் திருப்பி நிறுத்திவிட்டு, எஞ்சினுக்கு ஊற்றத் தண்ணீர் கேட்டான்.

"என்னண்ணா அவசரம்?" என்றாள் ராமக்கா.

"தருமபுரியில ரெண்டு பஸ்ஸு கரியில்லாம நிக்குது. பஸ்காரரு நேத்தெல்லாம் இவரப் புடிச்சு உலுக்கிட்டாரு. இன்னிக்கு கரி வரலன்னா சேலத்து ஆளுகிட்ட வாங்கிக்கிறன்னு சொல்லிட்டாரு. இவரு வழியெல்லாம் என்னயப் புடிச்சு உலுக்கிட்டாரு. நான் யாரப் போயி உலுக்குறது?"

கிருஷ்ணப்பன் கறுப்புக் குடையை மடக்கிக்கொண்டு மூட்டத்தைச் சுற்றி வந்தான். உடம்பு பெருத்தவன். அக்குளில் சட்டை நனைந்திருந்தது. தீர்த்தன் அடியில் ஒரு வெடிப்பை மண் வைத்துப் பூசிக்கொண்டிருந்தான்.

"ஏனப்பா, ஆறிருச்சா?"

"இல்ல."

"இல்லன்னா?"

"இல்லன்னா இல்லதான். அடைச்சு மூணாம் நாளு. இன்னும் ரெண்டு நாளு ஆவோணும்."

"வெளிய ஜில்லுன்னு இருக்குதே."

"நெழல்ல நிக்கிறீங்க, ஜில்லுன்னுதான் இருக்கும்."

சவுரியப்பன் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினான். கிருஷ்ணப்பனின் முகம் இறுகியது. "மல்லையா!" என்றான்.

மல்லையன் விறகை அப்படியே போட்டுவிட்டு வந்தான். வரும்போதே தலைத்துண்டை அவிழ்த்திருந்தான். "பன்னி சாமி, பன்னி" என்றான். வாருங்கள் என்று கன்னடத்தில் சொல்வது. குடகுக் காப்பித் தோட்டத்தில் ஆறு வருஷம் இருந்தபோது கற்ற பேச்சு. கிருஷ்ணப்பன் எந்தக் காலில் பாரத்தைப் போட்டு நின்றிருந்தானோ அதே காலில் மல்லையனும் பாரத்தைப் போட்டு நின்றான். அவன் அறிந்து செய்ததில்லை அது. அவன் உடம்பு தானாகச் செய்வது.

"நீ கைய வெச்சுப் பாத்துச் சொல்லப்பா. தருமபுரியில வண்டி நிக்குது, ஊரு சனமெல்லாம் காத்துட்டு இருக்குது. இன்னிக்கு ஏத்தியாவணும். ஏத்துற ஆளுதான் எனக்கு மேஸ்திரி."

"ஆவட்டும் சாமி."

கருப்பி தண்ணீர்க் குடத்தோடு வந்து பத்தடி தள்ளி நின்றாள். மல்லையன் மூட்டத்தின் மேல் ஒரு காலை ஊன்றி ஏறினான். இடது கையை விரித்துத் தலைப்பக்கத்து மண்ணில் வைத்து அழுத்தினான். வலது கையால் மடியிலிருந்து வெற்றிலையை எடுத்து வாயில் போட்டான்.

மென்றான். கிருஷ்ணப்பன் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் ஒன்றும் இல்லை. சிரிப்பு இருந்தது, வண்டிக்காரன் சோற்றைத் தின்றபோது இருந்த அதே சிரிப்பு. "இந்தத் தடவ கரி நல்லா மணிமணியா வந்திருக்கும் சாமி. துரிஞ்சி அப்பிடி. தட்டுனா வெண்கலம் மாதிரி சத்தம் கேக்கும்" என்று பேசிக்கொண்டே மென்றான்.

கருப்பி அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் கண் அவன் காலில் இருந்தது. ஊன்றியிருந்த வலது காலின் விரல்கள் ஐந்தும் மண்ணுக்குள் புதைந்து இறுகிக் கிடந்தன. கட்டைவிரல் நகம் வெளுத்திருந்தது. பெண்சாதிகூட அறியாமல் எதையும் மறைக்கக்கூடிய முகம், ஆனால் கால் அப்படிப் பழகவில்லை. அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு சொல் சொன்னால் போதும். அந்தச் சொல் தொண்டை வரை வந்தது. அதோடு தகரக் கூரையும் வந்தது, கூப்பிட்டால் ஒரு நாழியில் வருகிற மருத்துவச்சியும் வந்தாள். குடத்தை இடுப்பில் இறுக்கிக்கொண்டு நின்றாள்.

மல்லையன் துப்பினான். கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

"ஆயித்து சாமி. ஆறிடுச்சு."

"நல்லாப் பாத்தியா மாப்ளே?" என்றான் தீர்த்தன்.

"பாத்தன்."

கை வைத்தவன் சொல்லிவிட்டான். தீர்த்தன் மண்வெட்டியை எடுத்தான். மூட்டத்தைத் தொட்டுப் பார்க்க அவன் கை நீளவில்லை. மல்லையன் பொய் சொல்வான் என்பது அவனுக்குத் தெரியும். மூட்டத்தின் மேல் கை வைத்துக்கொண்டு சொல்வான் என்று அவனுக்குத் தோன்றவில்லை.

காற்று வராத பக்கமாகப் பிரித்தார்கள். மண்ணைத் தள்ளி, கருகிய தழையை வாரினார்கள். கரி தெரிந்தது. பளபளவென்று நல்ல கரி. கிருஷ்ணப்பன் ஒரு துண்டை எடுத்துத் தட்டிப் பார்த்துத் தலையாட்டினான். ஏழெட்டுக் கூடை லாரிப் பக்கம் போயிருக்கும். அதற்குள் மலைக்காற்று இறங்கியது. மாசி மாதத்து வெக்கையில் திடீரென்று வந்து போகிற காற்று. மூட்டத்தின் உள்ளே ஓரிடத்தில் சிவப்பாக ஒரு புள்ளி தெரிந்தது. அப்புறம் நாலு. பிறகு எண்ண முடியவில்லை. சத்தமே இல்லாமல் உள்பக்கம் முழுவதும் சிவந்தது.

"மூடு! மண்ணப் போடு!" என்று கத்தினான் தீர்த்தன்.

திறந்த மூட்டத்தை மூடுவது எளிதில்லை. வெப்பம் ஆளை அருகில் விடவில்லை. பெண்கள் ஓடைக்கு ஓடினார்கள். ஓடையில் தண்ணீர் முழங்கால் அளவுதான். கருப்பியும் ஓடினாள்; ராமக்கா அவளைத் தள்ளி உட்கார வைத்துவிட்டுக் குடத்தைப் பிடுங்கிக்கொண்டு போனாள். மல்லையன் நீளக் கொக்கியை எடுத்து எரிகிற கரியை வாரி வெளியே இழுத்தான். எல்லாரையும் விட அவன்தான் நெருப்புக்குப் பக்கத்தில் நின்றான். சவுரியப்பன் லாரியை அவசரமாக நகர்த்தினான். கிருஷ்ணப்பன் குடையை விரித்துக்கொண்டு, மடக்கி, மறுபடி விரித்தான்.

வெயில் தாழ்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கால்வாசிக் கரி மிஞ்சியது. மற்றது சாம்பல்; காற்றில் பறந்து எல்லார் தலையிலும் படிந்தது. எட்டுப் பேரும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்தார்கள். ராமக்காவின் புருவம் பொசுங்கியிருந்தது.

"எரிஞ்சதுக்குக் கூலி கெடையாது. கரிக்குத்தான் கூலி" என்றான் கிருஷ்ணப்பன்.

தீர்த்தன் எழுந்து மல்லையனிடம் வந்தான். அவன் இடது மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பினான். உள்ளங்கை முழுவதும் ஒரே கொப்புளமாகப் பொங்கி, நடுவில் உடைந்து, மண் ஒட்டியிருந்தது.

"மாப்ளே, கைய வெச்சப்ப சுட்டுச்சா, சுடலயா?"

மல்லையன் தீர்த்தனைப் பார்த்தான். கிருஷ்ணப்பனைப் பார்த்தான். கருப்பியைப் பார்த்தான். மூன்று பேரும் ஒரே நேரத்தில் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மச்சானிடம் காட்டுகிற முகம் முதலாளிக்கு ஆகாது. முதலாளிக்கு உரியதைக் கருப்பி முன்னால் வைக்க முடியாது. அவன் உதடு ஒரு பக்கம் சிரிக்கத் தொடங்கி நின்றது. கன்னடமும் வரவில்லை, தமிழும் வரவில்லை.

"சொல்லுடா" என்றான் தீர்த்தன்.

"கொக்கி புடிச்சு வாரும்போது சுட்டது" என்றாள் கருப்பி. "நான் பாத்தன். அப்பதான் சுட்டது."

தீர்த்தன் தங்கையைத் திரும்பிப் பார்த்தான். கொக்கியின் பிடி மரத்தால் ஆனது. அவன் மல்லையனின் கையை விட்டுவிட்டான்.

"சரி" என்றான். அவ்வளவுதான்.

கிருஷ்ணப்பன் கிட்டே வந்து குடைக் காம்பால் மல்லையனின் கையை நிமிர்த்திப் பார்த்தான். பிறகு அவன் முகத்தைப் பார்த்தான். அவனும் வியாபாரி. ஒரு கை எப்போது சுட்டது என்று அவனுக்குத் தெரியாமல் இல்லை.

"தீர்த்தா, இனிமேல் மூட்டத்துக்கு நீதான் கைய வெக்கணும். நீ சொல்லாம பிரிக்க வேணாம். நானே வந்து கேட்டாலும் பிரிக்காத" என்றான். "நீதான் மேஸ்திரி."

கருப்பி தரையில் உட்கார்ந்தாள்.

"மல்லையா, நீ லாரில ஏறு. உனக்கு இங்க வேல இல்ல. கெடங்குக்கு வந்துரு. இப்ப போனதும் பஸ்காரரு என் சட்டையப் புடிப்பாரு. ரேஞ்சர் ஆபீசு, பஸ் ஆபீசு, அங்க வந்து நிக்கிறதுக்கு எனக்கு ஒரு ஆளு வேணும். சுட்டாலும் சிரிச்சுட்டு நிக்கிற ஆளு."

"ரூமு யாருக்குங்க?" என்றாள் கருப்பி.

"கெடங்குல இருக்கிறவனுக்குத்தான் கெடங்கு ரூமு."

ராமக்கா தலையிலிருந்த சாம்பலைத் தட்டினாள். "எரிச்சவனுக்கு வூடு, எரியுதுன்னு சொன்னவனுக்குக் காடு. நல்லா இருக்குது மொதலாளி உங்க பிரிவென" என்றாள். கிருஷ்ணப்பன் கேட்காதவன் போல லாரியில் ஏறினான்.

தீர்த்தன் மிஞ்சிய கரியைக் கூடைகளில் அள்ளிப் போட்டான். மற்றவர்களும் எழுந்து வந்தார்கள். தங்கை லாரியில் ஏறும்போது மூட்டையைத் தூக்கிக் கொடுத்தான். "ஒடம்பப் பாத்துக்கோ" என்றான். எப்போதும் பேசுகிற அதே குரல். மல்லையன் பக்கம் பார்க்காமலே கூடைக்குத் திரும்பினான்.

பாப்பாரப்பட்டி அறை அவள் நினைத்ததைவிடச் சின்னது. ஆனாலும் சுவர் சுவர்தான். மருத்துவச்சி சாலம்மாள் அடுத்த தெருவில் இருந்தாள். வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்து, பிள்ளை நன்றாக இருக்கிறது என்றாள். சந்தை நாளில் சத்தம் காதை அடைக்கும். மல்லையனுக்குக் கிருஷ்ணப்பன் பழைய சட்டை ஒன்று கொடுத்திருந்தான். காலையில் அதைப் போட்டுக்கொண்டு போனால் பொழுது சாய்ந்துதான் வருவான். பஸ் முதலாளி இரண்டாம் நாளே சமாதானமாகிவிட்டார் என்று சவுரியப்பன் வந்து சொன்னான். அவர் எதிரில் மல்லையன் நின்று பேசியதைச் சவுரியப்பன் செய்து காட்டிச் சிரித்தான். "எனக்கே அழுக வந்துருச்சு தங்கச்சி. அப்பேர்ப்பட்ட மூட்டமாம், அப்பேர்ப்பட்ட காத்தாம்."

சித்திரையில் உள்ளங்கை ஆறியது. தோல் வழுவழுவென்று, ரேகை இல்லாமல் வந்தது.

ஒரு நாள் அவன் வந்ததும் கருப்பி களியும் கொள்ளுச் சாறும் எடுத்து வைத்தாள். எட்டாவது மாதம் நெருங்கிவிட்டதால் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவன் சட்டையைக் கழற்றாமலே உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டான்.

"சாறு எப்பிடி இருக்குது?" என்றாள்.

அவன் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். கண் இமைக்கிற நேரம்தான். பிறகு சிரித்தான்.

"நல்லா இருக்குது கருப்பி. இந்த ஊருத் தண்ணிக்கு ருசியே தனி."

அவள் குண்டானில் விரலைத் தோய்த்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். ஒரு கல் உப்புக்கூட விழவில்லை.

உப்புச் சட்டியை எடுத்து வந்து அவன் வட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தாள். அவன் அதைத் தொடவில்லை. அதே சிரிப்போடு, வட்டிலை வழித்துச் சாப்பிட்டு எழுந்தான்.